நடுப்பக்கங்கள் ஓட்டமாவடியில்

சனிக்கிழமை காலை 6.40க்கு மண்டூர்த் துறையில் பாதை ஏறினேன். பாதை என்றால் எங்கள் ஊரில் தெருவை மட்டும் சொல்வதில்லை; மனிதரும் மோட்டார் சைக்கிளும் சில நாள் ஆடும் ஒன்றாக ஏறி வாவியைக் கடக்கிற மிதவைக்கும் அதுதான் பெயர். ஆளுக்கு இருபது ரூபா. கையில் ஒரு எக்ஸ்ரே உறை வைத்திருந்தேன். அன்று நான் செய்த முதல் பிழை அதுதான்.

“ரீச்சர், ஆருக்கு வருத்தம்?” என்றார் பாதைக்காரர்.

“ஒருத்தருக்கும் இல்ல.”

“அப்ப உங்களுக்குத்தான்,” என்று அவரே முடிவுகட்டி, பலகையில் இருந்த ஒருவரை எழுப்பி எனக்கு இடம் பிடித்துத் தந்தார்.

எக்ஸ்ரே எதுவும் அதற்குள் இல்லை. ஒரு பழைய சித்திரக்கதைப் புத்தகத்தின் எட்டுத் தாள்கள் இருந்தன. மடங்காமல் கொண்டுபோக வீட்டில் வேறு உறை அகப்படவில்லை. ஐம்பது வயதுக் கணக்கு ரீச்சர் கராத்தேக் கதை சுமந்து பஸ் ஏறுகிறாள் என்று ஊர் சிரிப்பதைவிட வருத்தக்காரியாகப் போவது மேல் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்தப் புத்தகத்தைச் சொல்லிவிடுகிறேன். பெயர் ‘மூங்கில் கோட்டை மர்மம்’. இந்தியாவில் அச்சடித்தது, அறுபத்து நான்கு பக்கம். உளவாளி சேகர் என்று ஒருவன் எப்போதும் குளிர்கண்ணாடி போட்டபடி அடிவாங்குவான். அவனைக் காப்பாற்றுகிற வேலை மெய்லிங் என்ற பெண்ணுக்கு. உதை என்றால் அப்படியொரு உதை! அப்பாவுக்கு வாழைச்சேனையில் உத்தியோகமாக இருந்த காலம் அது. பாலத்துக்கு அங்கால் ஓட்டமாவடியிலிருந்து வரும் நஸீரா வகுப்பில் என் பக்கத்து வாங்கில் இருப்பாள். இரண்டு பேரும் காசு சேர்த்து அந்த ஒரு புத்தகத்தை வாங்கினோம். சனி ஞாயிறு அதை யார் கொண்டுபோவது என்று வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் பெரிய சண்டை.

கடைசியில் பாதி பாதி என்று தீர்ப்பாயிற்று. கிழித்தால் பாவம் என்று கம்பியைக் கழற்றினோம். நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த தாள்களில் வெளியே இருந்த எட்டுத் தாள் எனக்கு, உள்ளே இருந்த எட்டுத் தாள் அவளுக்கு. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், பதினாறாம் பக்கத்துக்குப் பிறகு நாற்பத்தொன்பதாம் பக்கம் நிற்கிறது! கதையின் தலையும் காலும் என்னிடம், வயிறு முழுக்க அவளிடம். நான் இன்று பிள்ளைகளுக்குப் பின்னம் படிப்பிக்கிறேன், என்ன செய்ய.

பதினாறாம் பக்கத்தில் மெய்லிங்கைத் தொங்குபாலத்திலிருந்து தள்ளிவிடுகிறார்கள். நாற்பத்தொன்பதில் அவள் இடது கையில் கட்டோடு ஒரு மாடிக்கூரையில் நிற்கிறாள். எப்படிப் பிழைத்தாள் என்பது நஸீராவிடம் இருந்தது. திங்கட்கிழமை மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. அந்த ஞாயிற்றுக்கிழமை தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கு இடையில் பிரச்சினை தொடங்கியது. நாங்கள் உடுத்த உடுப்போடு மண்டூருக்கு வந்தோம். என் கணக்குக் கொப்பிக்குள் இருந்ததால் அந்தத் தாள்களும் வந்தன.

7.35. களுவாஞ்சிக்குடியில் மட்டக்களப்பு பஸ், நூற்றிருபது ரூபா. நடத்துநர் உறையைப் பார்த்ததும் முன் ஆசனம் தந்தார். பக்கத்தில் இருந்த அம்மா, தன் மருமகனுக்குக் கல் கரைத்த வைத்தியரின் வீட்டு வழியை எனக்கு இரண்டு தரம் சொல்லித் தந்தார். நானும் இரண்டு தரம் தலையாட்டினேன்.

இத்தனை காலம் பேசாமல் இருந்தவள் இப்போது ஏன் போகிறாள் என்று கேட்பீர்கள். போன மாதம் பழைய புத்தகம் சேர்ப்பவர்களின் முகநூல் குழு ஒன்றில் என் தாள்களைப் படம் எடுத்துப் போட்டு, நடுப்பக்கம் யாரிடமாவது உண்டா என்று கேட்டிருந்தேன். மூன்றாம் நாள் ஷிபானா என்றொரு பிள்ளை எழுதினாள்: “அன்ரி, எங்கட உம்மாட்ட இருக்கு. உம்மாட பேர் நஸீரா.” நான் வரலாமா என்று உம்மாவிடம் கேட்கச் சொன்னேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. பிறகு வந்தது: “உம்மா ஒண்டும் சொல்லல்ல. நீங்க வாங்க.”

அவள் ஒன்றும் சொல்லாததன் காரணம் எனக்குத் தெரியும். எட்டு வருடத்துக்கு முன்பு, மட்டக்களப்புச் சந்தையில், “சாந்தி!” என்று யாரோ கூப்பிட்டார்கள். திரும்பினேன். நஸீரா. கறுப்பு அபாயா, அதே தெற்றுப்பல். என் பக்கத்தில் மாமி நின்றார். அவருடைய மூத்த மகன் அந்தப் பிரச்சினைக் காலத்தில் போய் வராதவர். முஸ்லிம் பெயர் கேட்டாலே மாமிக்கு முகம் இறுகிவிடும். நஸீராவின் வாப்பாவும் அதே காலத்தில்தான் போய் வராமல் போனார் என்பதை நான் அறிந்திருந்தேன். அறிந்திருந்தும் குனிந்து கத்தரிக்காய் பொறுக்கினேன். அவள் இன்னொரு தரம் கூப்பிட்டாள். நான் அரைக் கிலோ கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் தெரிந்து எடுத்தேன். நிமிர்ந்தபோது அவள் இல்லை. சீ, என்ன மனுசி நான்!

9.15. மட்டக்களப்பில் பொலநறுவை பஸ், ஓட்டமாவடிக்கு நூற்றைம்பது ரூபா. ஏறாவூர், செங்கலடி, கிரான். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வட்டை; வயல்வெளியை நாங்கள் அப்படித்தான் சொல்வது. மாடுகள் தெருவில் படுத்திருந்தன, பஸ் அவற்றுக்காக மூன்று இடத்தில் நின்றது. அங்கேயே இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு இடத்தில் யோசித்தேன். வாசலில் வைத்து, “நீங்க ஆரு?” என்று கேட்டுவிட்டாளென்றால்?

10.50. பாலம் தாண்டி இறங்கினேன். நான் அறிந்த பாலம் ரயிலும் பஸ்ஸும் முறை வைத்துப் போகிற ஒடுங்கல் பாலம். இப்போது பக்கத்திலேயே அகலமாக ஒன்று கட்டியிருக்கிறார்கள். கடைத்தெருவில் ஓட்டோ பிடித்தேன்.

“எந்த நஸீரா? குவைத்ல இருந்து வந்த நஸீரா ராத்தாவா?” என்றார் ஓட்டோக்காரர். “நீங்க அவக்கு என்ன முறை?”

“ஒண்டாப் படிச்ச நாங்க.”

“அப்ப முறைதானே,” என்றார். இருநூறு ரூபா வாங்கிக்கொண்டு, கேற்றடியில் நின்று எனக்காக அவரே சத்தம் வைத்தார்: “ராத்தோவ்! ஆள் வந்திரிக்கி!”

ஷிபானாதான் ஓடி வந்தாள். “வாங்க அன்ரி. உம்மா சுபஹுத் தொழுகைக்கு எழும்பின, இன்னும் சமைக்கிறா. ஆருக்கு எண்டு கேட்டா, ஆருக்குமில்ல எண்டுறா,” என்று காதுக்குள் சொன்னாள். எனக்கு அரை உயிர் வந்தது.

நஸீரா அகப்பையோடு வந்து வாசலில் நின்றாள். சிரிக்கவில்லை. “இரி,” என்றாள். இருந்தேன். “என்ன எக்ஸ்ரே? வருத்தமா?”

“இல்ல நஸீரா. புத்தகம்.”

“சந்தையில நான் கூப்பிட்ட உனக்குக் கேட்டதா, கேட்கல்லியா?”

சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள். பஸ்ஸில் நான் நாலு விதமான பதில் அடுக்கி வைத்திருந்தேன்.

“கேட்டது,” என்றேன். “மாமி நிண்டா. பயந்திட்டன்.”

“இரண்டு தரம் கூப்பிட்டன்.”

“இரண்டும் கேட்டது.”

“அண்டைக்குப் பஸ்ஸில வரக்குள்ள அழுதுக்கிட்டே வந்த நான். குவைத்தில எட்டு வருஷம் ஆராடயோ வீட்டுச் சட்டி கழுவினன். அங்க ஒரு நாள்கூட அப்படி அழல்ல,” என்றாள். பிறகு அகப்பையை மகளிடம் கொடுத்தாள். “இவவுக்குச் சோறு போடு புள்ள. முகத்தப் பாரு, விடிய ஒண்டும் திண்டிருக்க மாட்டா.”

சோறு, இறால் ஆணம் என்கிற குழம்பு, கீரைச் சுண்டல். எனக்கு அழுகை வந்தது, ஆணம் உறைப்பு என்று சொன்னேன். “உறைப்புப் போடவேயில்ல,” என்றாள் அந்தக் கள்ளி.

கை கழுவிவிட்டு வந்தபோது அவளுடைய பாதிப் புத்தகம் வெளியே வந்திருந்தது. பொலித்தீனில் சுற்றி, ஓரங்களில் பசைநாடா ஒட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல் வைத்திருந்தாள். குவைத்துக்கும் போய் வந்த தாள்கள் அவை. அவளுக்குத் தொங்குபாலம் தெரியாது, ஆர் தள்ளியது, ஏன் தள்ளியது, ஒன்றும் தெரியாது. முதல் பதினாறு பக்கத்தையும் நான் சத்தமாக வாசித்தேன். குளிர்கண்ணாடிச் சேகர் முதல் அடி வாங்கியதும் நஸீரா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். அந்தத் தெற்றுப்பல் எனக்கு அப்போதுதான் சரியாகத் தெரிந்தது. பிறகு அவள் முறை. பதினேழு, பதினெட்டு என்று வாசித்தாள். மெய்லிங் ஒரு மூங்கில் கொப்பைப் பிடித்துத் தொங்குகிறாள், கொப்பு முறிகிறது. இருபத்து நான்காம் பக்கத்தில் நஸீரா தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

“போதும்.”

“என்னகா போதும்? பிழைக்கிறாளா, இல்லையா?”

“பிழைப்பா.”

“அது எனக்கும் தெரியும். எப்படி?”

“மறுகா ஒரு நாளைக்கு வந்து படி.”

பகிடி என்று நினைத்தேன். இல்லை. தாள்களைப் பொலித்தீனில் சுற்றத் தொடங்கிவிட்டாள். அவற்றைத் தாவன், வீட்டில் வைத்துப் புதுக் கம்பி குத்தி முழுப் புத்தகமாக்கி, அடுத்த முறை கொண்டுவந்து தருகிறேன் என்று கேட்டேன். சரி, அதுவும் வேண்டாம், என்னுடையதை நீ வைத்துக்கொள், முடிவு அதில் இருக்கிறது என்று நீட்டினேன். உறையைத் தொடக்கூட இல்லை.

“எனக்கு முடிவு வேணாம். நீயே கொண்டு போ.”

“பைத்தியமா நஸீரா உனக்கு? இவ்வளவு காலம் வைச்சுப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய்!”

“ஓம், இருந்தன். இண்டைக்கு ரெண்டையும் ஒண்டாச் சேத்துப்போட்டா, நீ திருப்பி என்னத்துக்கு இஞ்ச வருவாய்? சொல்லு.”

நீட்டிய உறையைத் திரும்ப மடிக்கு இழுத்துக்கொண்டேன். ஷிபானா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

3.20. மட்டக்களப்பு பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. எனக்குச் சரியான கோபம். இந்த வயதில் ஒருத்தி என்னை மூங்கில் கொப்பில் தொங்கவிட்டு அனுப்பியிருக்கிறாள். கோபத்தோடு கோபமாகக் கண்ணீரும் வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் உறையைப் பார்த்து, “தைரியமா இருங்க மகள், எல்லாம் சரிவரும்,” என்றார். ஓம் என்றேன்.

வந்த வழியைக் கூட்டிப் பார்த்தேன். வாவியையும் சேர்த்து எழுபது கிலோமீட்டர்கூட வராது. முப்பது வருடத்துக்கு மேலாக அதைத் தூரம் என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன்.