முதிரை மேசையின் யன்னல் பக்கம்

போன கிழமை என் மகள் கொழும்பிலிருந்து ஒரு ரப்பர் பாய் வருவித்தாள். நீல நிறம். விரித்தால் பாடக்கொப்பி இரண்டின் அகலம். கொதிக்கிற ஈயம் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று பெட்டியில் எழுதியிருந்தது. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு, ஆள் கிட்டப் போனால் தானாக எரிகிற விளக்கொன்று செய்கிறாள். எங்கள் வீட்டில் நான் கிட்டப் போனால் எரிந்து விழ ஏற்கனவே ஆள் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். மனைவி பக்கத்தில் நின்றதால் விட்டுவிட்டேன்.

மகள் பாயை மேசையில் விரித்து, ஈயம் ஒட்டுகிற அயனைச் சூடாக்கி, முதல் கம்பியை ஒட்டும்போது என் அக்கா குசினியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தார். பாயின் ஓரத்தை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"அதை எடு பிள்ளை."

"மேசை சுட்டுப்போடும், மாமி."

"சுடட்டும்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். அந்த மேசையில் ஒரு சூட்டு அடையாளம் வேண்டுமென்று அக்கா பல வருடங்களாக ஏங்குவது எனக்குத் தெரியும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லப்போனால் மேசையைப் பற்றிச் சொல்லவேண்டும். மேசையைப் பற்றிச் சொன்னால் அக்காவின் புருஷன், என் அத்தான், வந்துவிடுவார். இங்கே உங்களிடம் சொல்கிறேன், வரட்டும். வேறு எந்த வழியாலும் அவர் வருவதில்லை.

ஈயப் புகை மணத்தால்தான் அவர் முதலில் வருவார். சண்டைக்காலம், வன்னிக்குப் பொருளாதாரத் தடை. கரண்ட் இல்லை, பற்றரி இல்லை. தர்மபுரத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். செய்தி வாசிக்கிற ஆள் நாங்கள் சுற்றுகிற வேகத்துக்கு வாசிப்பது போல எனக்கொரு எண்ணம். ஊரிலுள்ள பழுதான றேடியோக்களெல்லாம் அக்கா வீட்டுக்கு வந்தன, ஏனென்றால் அத்தான் அவற்றை உயிர்ப்பிப்பார். நான் அப்போது சங்கக்கடையில் வேலை. கடையில் விற்கச் சாமான் இல்லாததால் பெரும்பாலும் அக்கா வீட்டில் சாப்பாட்டு வேலை.

அத்தானின் அயனுக்குக் கரண்ட் வேண்டாம். செப்புத் தலையோடு ஒரு கம்பி, அதைச் சிரட்டைக் கரித் தணலில் வைப்பார். ஈயத்தைச் செத்த றேடியோக்களிலிருந்து உருக்கி எடுப்பார். ஒட்டுகிற பேஸ்ட் இல்லாத நாட்களில் குங்கிலியத்தைப் பொடித்துத் தொட்டுக்கொள்வார். அதனால் வீடு எந்நேரமும் கோயில் மாதிரி மணக்கும். தெருவால் போகிறவர்கள் எங்களைப் பக்திமான்கள் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க நானும் ஒன்றும் செய்யவில்லை.

வீட்டில் இருந்தது ஒரேயொரு மேசை. அக்காவின் சீதனம். முதிரை மரம், நாலு பேர் பிடித்தால்தான் அசையும். அப்பா அதைச் செய்வித்துக் கொடுத்தபோது, இது உன் பேரப்பிள்ளை காலத்துக்கும் நிற்கும் என்றாராம். அக்கா அந்தச் சொல்லைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டுவிட்டார். மேசையில் சுடுகஞ்சிக் கோப்பை வைத்தாலே ஏச்சு விழும். அதில் ஒரு மனிதர் தணலையும் ஈயத்தையும் கொண்டுவந்து வைத்தால் என்ன நடக்கும்?

வாழைத்தடல் நடந்தது. நனைந்த சாக்கு, அதன்மேல் கூரை ஓடு என்று பல சமரசங்கள் தோற்றபிறகு, அக்கா கிணற்றடி வாழைத் தண்டிலிருந்து தடலைப் பட்டை பட்டையாக உரித்து வந்து மேசையில் பரப்பினார். ஈரமும் குளிர்ச்சியுமாக இருக்கும். ஈயத்துளி விழுந்தால் "சுர்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அத்தானுக்கும் பிடித்துப்போனது. அதன் குழிகளுக்குள் சின்ன ஆணிகளை உருளாமல் போட்டுவைப்பார். பின்னேரமானால் தடலை மாட்டுக்குப் போடாமல் கிடங்கு வெட்டித் தாட்டுவிடுவார். ஈயம் மாட்டுக்குக் கூடாது, நாங்கள் சுவாசிக்கலாம்.

தடல் விரித்த பிறகும் அக்கா விடமாட்டார். குசினியிலிருந்தே குரல் வரும்.

"இஞ்சாருங்கோ, கரைப்பக்கம் மூடியிருக்கோ?"

"ஓமப்பா. மேசை உம்மை விடப் பத்திரமா இருக்கு."

சமாதானம் என்று பாதை திறந்த காலத்தில் எனக்கு வவுனியாவில் கந்தோர் வேலை கிடைத்தது. அத்தான் கிளிநொச்சி டவுனில் சீமெந்துத் திட்டு வைத்த கடையொன்று எடுத்தார். இனி ஈயம் எங்கே விழுந்தாலும் பரவாயில்லை என்று அவர் அந்தத் திட்டைத் தட்டிக் காட்டியது நினைவிருக்கிறது. வெறும் அறையில் இருந்த எனக்கு அக்கா மேசையைத் தந்தார். லொறியில் ஏற்றும்போது பழைய சேலைகளால் சுற்றிக் கட்டி, வழி நெடுகப் பிடித்துக்கொண்டு வா என்றார். ஓமந்தைச் சோதனைச்சாவடி வரை நான் லொறியின் பின்னால் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பெண்ணைக்கூட அவ்வளவு தூரம் நான் கட்டிப்பிடித்ததில்லை, அப்போது கலியாணமும் ஆகவில்லை.

அதனால்தான் அந்த மேசை இருக்கிறது. மற்றதெல்லாம் கடைசிச் சண்டையில் இடம்பெயர்ந்து கிழக்கே போய் அங்கேயே முடிந்தது. எல்லாம் முடிந்த கடைசி நாட்களில் அக்காவும் அத்தானும் சனத்தோடு சனமாக ஆமிப் பக்கம் வந்தபோது ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. அத்தான் தண்ணீர்ப் போத்தலை அக்காவிடம் கொடுத்துவிட்டுத் தன் வரிசைக்குப் போனார். அதற்குப் பிறகு அவரை யாரும் காணவில்லை. போத்தலை அக்கா வெகுகாலம் வைத்திருந்தார். அது உக்கி வெடித்துப்போனது.

படம் ஒன்று இருக்கிறது. கலியாணத்தன்று எடுத்தது, அவருடைய தங்கச்சியிடமிருந்து வாங்கினோம். பவுடர் அப்பி, கண்ணை மூடி, வேறு யாரோ போல இருக்கிறார். அக்கா அதைச் சுவரில் கொழுவவில்லை. எழுத்தில்லை, உடுப்பில்லை, காரியம் செய்ய உடலில்லை. அவர் கைபட்ட சாமான் உலகத்திலேயே இந்த மேசை ஒன்றுதான். அதையும் அக்கா அவர் கைபடாமல் காப்பாற்றி வைத்துவிட்டார்.

பாய் விஷயம் நடந்து இரண்டொரு நாளில், ஞாயிறு காலை, அக்கா மேசையிலிருந்த என் புத்தகங்களை எடுத்து நிலத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அவர் ஒருக்கா மேசையைச் சுட்டவரெல்லே. நான் கண்டாவளைக்குச் செத்தவீட்டுக்குப் போன நேரம்."

உண்மைதான். அன்றைக்குத் தடல் உரிக்கப் பஞ்சிப்பட்டு அத்தான் வெறும் மேசையில் வேலை செய்தார். அயன் சரிந்து, சின்னவிரல் நீளத்துக்குக் கறுத்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்த நேரத்துப் பயத்தை வேறு எதற்காகவும் நான் பட்டதில்லை என்று சொன்னால் வன்னியில் இருந்தவன் பொய் சொல்கிறான் என்பீர்கள், இருந்தாலும். அத்தான் போத்தல் ஓட்டால் சுரண்டினார். அரத்தாள் ஏது அப்போது? சொரசொரப்பான பிராய் இலையால் தேய்த்தார், இலை பிடுங்கி வந்தது நான். தேயிலைச் சாயத்தால் நிறம் பிடித்து, தேங்காயெண்ணெய் பூசி, அக்கா படலையைத் திறக்கும்போது சட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு எண்ணெய் மணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. அவர் ஏசிய ஏச்சில் அயல்வீட்டுச் சேவல் அன்று பின்னேரம் கூவவில்லை.

"எந்த இடம், தம்பி?"

"யன்னல் பக்கம்."

சொல்லிவிட்டேன். பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. எது யன்னல் பக்கம்? மேசையின் நாலு காலும் ஒரே மாதிரி. லொறியிலும் வாடகை வீடுகளிலும் எத்தனை தரம் திருப்பிப் போட்டோமோ. யன்னல் பக்கம் எதுவென்று சொல்ல அந்த வீடு வேண்டும். தர்மபுரத்தில் இப்போது அந்த இடத்தில் கிணறுமில்லை, மதிலுமில்லை, வேறு யாரோ நிலக்கடலை போட்டிருக்கிறார்கள்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கரையால் தேடினேன். அக்கா மறுகரையால், கண்ணை மூடி, விரல் நுனியால். முற்றத்து வெயில் மேசைக்கு ஏறும்வரைக்கும் தேடினோம். ஒரு பள்ளமில்லை, ஒரு நிறபேதமில்லை.

அக்கா கையை எடுத்தார்.

"என்ர வாய்க்குப் பயந்து," என்றார், "எவ்வளவு வடிவா அழிச்சிருக்கிறார், பார்."