வேப்பிலை இல்லாத வாசல்

இன்று காலை அம்மை ஊசிக்காரர் எங்கள் தெருவுக்கு வந்தார். எந்த வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறதோ அந்த வீட்டில் அம்மை. அவர் கணக்கெடுப்பது அப்படித்தான். இன்று சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை.

"ஒங்க தெருவுல அம்மை சுத்தமா இறங்கிட்டு அண்ணாச்சி," என்று என்னிடம் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இறங்கவில்லை. வேப்பிலையைப் பார்த்தால் ஊசியோடு உள்ளே வந்துவிடுகிறார், ஆத்தாளுக்கு ஆகாது என்று எல்லோரும் அதை எடுத்துவிட்டார்கள்.

மத்தியானம் எதிர்வீட்டுக்காரரின் தங்கை மகள் கடம்பூரிலிருந்து வந்தாள். ஒரு கையில் போளிப் பொட்டலம், இடுப்பில் கைக்குழந்தை. வெறும் வாசலைப் பார்த்து நேரே உள்ளே போய்விட்டாள். அங்கே அவர் மகன் அம்மை போட்டுப் படுத்திருக்கிறான்.

போன வேகத்தில் வெளியே வந்தாள்.

"ஒரு கொத்து செருகியிருந்தா இந்தப் பச்சப்பிள்ளையோட உள்ள வந்திருப்பேனா மாமா?"

"ஊசிக்காரரு பாத்துருவாருன்னுதாம்மா எடுத்தேன்," என்றார் அவர். போளிப் பொட்டலத்தைப் பிரிக்காமலே கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

கணக்குப்படி எங்கள் தெருவில் இன்று யாருக்கும் அம்மை இல்லை. உங்கள் தெருவிலும் இல்லைதானே?