எட்டாவது தரிப்பு

சுவிஸில் பேர்ணுக்கு வந்து பதினொரு மாதத்தில் நான் தனியாகப் போயிருந்த மிகத் தூரமான இடம் எங்கள் கட்டடத்தின் நிலவறை. உடுப்புத் தோய்க்கிற மெஷின் அங்கேதான் இருந்தது. மற்ற எல்லா இடத்துக்கும் கணவரோடுதான். அவர் எனக்கு இரண்டு வருடம் முந்தி வந்தவர், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். ட்ராமும் பஸ்ஸும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நான் நம்பியிருந்தேன். எங்கேயாவது தனியப் போகப் பார்த்தால் ஒரே பதில்தான்.

"உமக்கு ஏலாதப்பா. லீவு நாளில நான் கூட்டிக்கொண்டு போறன்."

அந்த 'ஏலாது' எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஊரில் ஆமிச் சென்றிகளையும் ஷெல்லடியையும் தாண்டி ரியூஷனுக்குப் போய் வந்தவள் நான்.

அந்த மாரிக் குளிரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஆள் தேவை என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அவரைக் கொண்டே எழுதிப் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு வந்து ஒரு நாள் வேலை செய்து காட்டச் சொல்லி வந்த கடிதத்தையும் அவரே வாசித்துச் சொன்னார். கணவருக்கு அன்று விடிய வேலை. நான் தனியத்தான் போக வேண்டும். போய்ச் சேராவிட்டால் வேலை மட்டுமில்லை, வீட்டு வாசலும் எனக்கு மூடிவிடும் என்று தெரியும். பிறகு வாழ்நாள் முழுக்க 'ஏலாது' தான்.

இரண்டு நாள் பின்னேரத்தில் என்னைக் கூட்டிப்போய்ப் பாதை காட்டினார். பஸ்ஸில் வேலை முடிந்து போகிற சனம். சப்பாத்துக்களும் குளிர் அங்கிகளும் நெரிக்க, யன்னலில் ஒரே நீராவி. வெளியே எதுவும் தெரியவில்லை. இறங்குகிற இடத்தின் பேர் என்னவென்று கேட்டேன்.

"பேர் என்னத்துக்கு? உதுகளின்ர பேர் வாய்க்குள்ள நுழையாது. பஸ் நிக்கிறதை எண்ணும். எட்டாவது தரம் நிக்கேக்க இறங்கும். அவ்வளவுதான்."

எண்ணினேன். இரண்டு நாளும் எட்டாவதில்தான் இறங்கினோம். கம்பியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அது என்னவென்று கேட்டதற்கு, "அதில கைவைச்சிடாதையும்" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ரயிலில் அபாயச் சங்கிலியைச் சும்மா இழுத்தால் தண்டம் என்பதுதானே நான் கண்டது.

ஞாயிறு காலை பஸ்ஸில் என்னோடு மூன்று பேர்தான். கையுறைக்குள் விரலை மடித்து எண்ணத் தொடங்கினேன். ஒன்று. பிறகு பஸ் ஓடிக்கொண்டே இருந்தது. ஆளில்லாத நிழற்குடைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் போயின. அவை வேறு பஸ்ஸுக்கு உரியவை என்று நினைத்தேன். இரண்டு. மூன்று. மூன்றாவதில் மற்ற எல்லோரும் இறங்கிவிட்டார்கள். இன்னும் ஐந்து இருக்கிறது என்று நல்ல நிம்மதியாக இருந்தேன்.

நான்காவது தரம் பஸ் நின்றபோது இயந்திரமும் நின்றுவிட்டது. வெளியே பனி மூடிய வயல், அதற்கப்பால் காடு. சாரதி பாண் துண்டு ஒன்றை எடுத்துக் கடிக்கத் தொடங்கியவர், கண்ணாடியில் என்னைக் கண்டு எழுந்து வந்தார். அவர் சொன்னது ஒன்றும் விளங்கவில்லை. கடிதத்தை நீட்டினேன். வாசித்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், வந்த வழியைக் காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான்கு விரலைக் காட்டினேன், பிறகு எட்டு விரலைக் காட்டினேன். அந்த மனிதர் பாணைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் என் விரல்களையே பார்த்தார்.

பிறகு அந்தச் சிவப்புப் பொத்தானிடம் போய் அதை அமத்தினார். 'டிங்' என்றது. முன்னால் ஒரு விளக்கு எரிந்தது. இங்கே ஒருவரும் அமத்தாவிட்டால், தரிப்பிலும் ஆளில்லாவிட்டால், பஸ் நிற்காமலே போகும். அதை அவர் கையாலும் கண்ணாலுமே எனக்கு விளங்கப்படுத்திவிட்டார். ஊரில் 'இறக்கம்!' என்று கத்துவோமே, அதற்குத்தான் இந்தப் பொத்தான். என் மடத்தனத்தை நினைத்து அழுகைக்கு நடுவே சிரித்தும் விட்டேன்.

திரும்பி வரும்போது எனது இடம் கிட்ட வர, கண்ணாடியில் பார்த்துத் தலையசைத்தார். அமத்தினேன். அவ்வளவு பெரிய பஸ் எனக்காக மட்டும் நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேலைக்கு இருபத்தைந்து நிமிடம் பிந்திவிட்டது என்பதே இறங்கி ஓடும்போதுதான் நினைவு வந்தது.

சமையலறைப் பொறுப்பாளர் ஒரு பெரிய உருவமான பெண். மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கரட் குவியலைக் காட்டினார். மத்தியானத்துக்குள் அத்தனையும் சீவிவிட்டேன். வெளிக்கிடும்போது, செவ்வாய்க்கிழமையும் வா என்றார். எனக்குத் தெரிந்த ஐந்தாறு டொச் மொழிச் சொற்களில் கிழமைகளும் இருந்தது நல்லதாகப் போயிற்று.

பின்னேரம் கணவர் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டேன்.

"நிக்கிறதை எண்ணச் சொன்னீங்கள்! ஆளில்லாட்டி அது நிக்காதெண்டு உங்களுக்குத் தெரியாதோ? பேரைச் சொல்லித் தந்திருந்தா நான் காட்டுக்குப் போயிருப்பனோ?"

வழமையாக இரண்டு மடங்கு கத்துகிறவர், அன்று சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"நானும் எண்ணித்தான் போறனான்" என்றார். "ட்ராம் எல்லா இடத்திலயும் நிக்கும். அதால பிழைச்சதில்லை."

"மூண்டு வருசமாவோ?"

"ஓம். இந்த எழுத்து வாசிக்கத் தெரிஞ்சா உமக்கு எழுதித் தந்திருக்க மாட்டனோ?"

தமிழே ஐந்தாம் வகுப்போடு விட்டவர், வயலுக்குப் போய்விட்டவர். அது எனக்குத் தெரியும். ஆனால் இந்த நகரத்தில் சட்டைப் பைக்குள் விரலை மடித்து மடித்து வேலைக்குப் போய் வந்திருக்கிறார் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. 'உமக்கு ஏலாது' என்று அவர் சொன்னதெல்லாம் தன் பயத்தைத்தான். அந்தளவு கோபமும் எங்கே போனதென்று தெரியவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த லீவு நாளில் நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பொத்தானை அவரையே அமத்தச் சொன்னேன். ஆசையில் இரண்டு தரிப்பு முந்தியே அமத்திவிட்டார். பஸ் நின்று கதவும் திறந்தது. சாரதி கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா நிற்பாட்டினோம் என்று சொல்ல வெட்கப்பட்டு இரண்டு பேரும் அங்கேயே இறங்கிவிட்டோம். நல்ல குளிர். தரிப்புப் பலகையில் நீளமாக ஒரு பேர். ஊரில் படித்த இங்கிலீஷ் எழுத்தை வைத்து நான் ஒவ்வோர் எழுத்தாகக் காட்டிச் சத்தமாக வாசித்தேன். முழுதும் முடிந்ததும் அவர் பலகைக்குக் கிட்டப் போய், கையுறையைக் கழற்றி, முதல் எழுத்தில் விரலை வைத்தார்.

"இன்னொருக்காச் சொல்லும்" என்றார்.