சித்தி உருட்டிய குழாய்கள்

படுத்தால்தான் நோயாளி, வேலை பார்க்கிற பெண்ணுக்கு ஒன்றும் இல்லை என்பது எங்கள் ஊர் வைத்தியம். திருத்தங்கலில் எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அந்த வைத்தியத்தைக் கிட்டத்தில் பார்த்தேன்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. இரண்டாவது வாரத்திலிருந்து அவள் தூங்கவில்லை. பிள்ளை அழுதால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். பச்சை உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றார்கள். மந்திரித்துக் கயிறும் கட்டினார்கள்.

அது தீபாவளி சீசன். தெருவில் வீட்டுக்கு வீடு வெடிக்கான காகிதக் குழாய் உருட்டுவார்கள். ஒருநாள் சித்தியும் தானாக வந்து உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவே இல்லை. சோறு மறந்தாள், பால் கட்டி ரவிக்கை நனைவதை மறந்தாள், கை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. தங்கச்சி தேறிவிட்டாள் என்று அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

ஒரு மத்தியானம் பிள்ளையை அவள் மடியில் போடப் போனேன். சட்டென்று பின்னால் நகர்ந்தாள்.

"எங்கிட்ட தராத தாயி. இத ஏதாச்சும் செஞ்சிருவேனோன்னு பயமா இருக்கு. ஒங்கம்மாட்ட சொல்லிராத."

சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

தடுப்பூசி போட வந்த நர்ஸ் பிள்ளையை விட்டுவிட்டுச் சித்தியையே பார்த்தார். "பேறுகாலத்துக்கு அப்புறம் சில பேருக்கு மனசுக்கு முடியாமப் போகும்க்கா. மருந்து இருக்கு, சரியாயிரும். விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அம்மா குழாய்க் குவியலைக் காட்டினாள். "கோட்டி பிடிச்சவளா இம்புட்டு வேல பாப்பா?"

நர்ஸ் என்னிடம் திரும்பினார். "சித்தி ஒங்கிட்ட எதுவும் சொன்னாகளா?"

சித்தியின் கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சொல்லிவிடு என்று பார்த்தாளா, சொல்லாதே என்று பார்த்தாளா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "இல்ல" என்றேன்.

மூன்றாம் மாதம் நல்ல நாள் பார்த்து ஆமத்தூருக்கு, சித்தப்பா வீட்டுக்கு, அனுப்பி வைத்தார்கள். பதினோராம் நாள் தகவல் வந்தது. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் படுக்க வைத்து, அதற்குப் பால் கொடுக்கவும் சொல்லிவிட்டுப் போய்த்தான் சித்தி உயிரை விட்டிருந்தாள்.

துட்டி வீட்டில் அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஒரு வார்த்த யார்ட்டயாச்சும் சொல்லிருக்கக் கூடாதா!"

நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சித்திக்குக் கொடுத்த சத்தியத்தைக் கடைசிவரை காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.