திங்கட்கிழமையே போட்ட ஏழு கையெழுத்து

இஸ்திரிக்காரரை அந்தத் தெருவில் யாரும் இஸ்திரிக்காரர் என்று கூப்பிட்டதில்லை. விசில் அண்ணன் என்றால்தான் தெரியும். தெருவுக்குப் போலீஸே எட்டிப் பார்க்காத காலத்தில், வீட்டுக்கு ஒரு ஆண் முறை வைத்துக் காவல் காத்தார்கள். அந்த முறைக்காவலுக்கு இவர்தான் தலைவர், கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அப்போது நோட்டுமில்லை, கையெழுத்துமில்லை. "விசில் அண்ணன் பார்த்தேன்னு சொன்னாரு" என்றால் முடிந்தது பேச்சு. ஒருமுறை தன் சொந்த மைத்துனனையே சைக்கிள் திருடியதற்காகப் பிடித்துக் கொடுத்த மனுஷன். அதற்காக அவர் மனைவி மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு முனையில் காவல் சாவடி வந்தது. தடியோடு வந்தவர்கள் முறைக்காவலை முதலில் கலைத்தார்கள், நாலு பேர் கூடி நின்றாலே குற்றம் என்றார்கள். பத்து வருடம் கழித்து எந்த மகராசனுக்கு ஞானோதயம் வந்ததோ, மக்களும் போலீசும் கைகோத்துக் காவல் காக்க வேண்டும் என்று தெருவுக்குத் தெரு குழு போடச் சொன்னார்கள். கலைத்தவர்களே வந்து கூப்பிட்டார்கள். விசில் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. குழுவின் செயலாளர் ஆனார்.

குழுவின் வேலை பெரிதாக ஒன்றுமில்லை. இஸ்திரிக் கடையில் ஒரு ரோந்துப் புத்தகம் ஆணியில் தொங்கும், நாளுக்கு ஒரு பக்கம். சாவடி ஏட்டு தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து தெருவைச் சுற்றிவிட்டு அதில் கையெழுத்துப் போடவேண்டும். "நேரில் கண்டேன்" என்று கீழே செயலாளர் கையெழுத்து.

ஏட்டு தங்கமான பேச்சுக்காரர். விசில் அண்ணன் காய்ச்சலில் படுத்தபோது தோளில் தூக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். அந்த நன்றி இவருக்குக் கண்ணை மறைத்தது. ஒரு திங்கட்கிழமை ஏட்டு, நாளைக்கு மாமனார் வீட்டில் வேலை இருக்கிறது, செவ்வாய்க்கும் சேர்த்துப் போட்டுவிடுகிறேன் என்றார். போகட்டும் என்று விட்டார். இரண்டு மாதத்தில் திங்கட்கிழமையே ஏழு நாளுக்கும் கையெழுத்து விழத் தொடங்கியது. கீழே இவருடையதும் ஏழு. கூடப் பிறந்தவன் மாதிரி, இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று மனைவியிடம் சமாதானம் சொன்னார். வேலியே படுத்துத் தூங்கினால் பயிர் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். பெண் புத்தி என்று சிரித்தார். யார் புத்தி பின்புத்தி என்று பிறகு தெரிந்தது.

ஒரு புதன்கிழமை, எதிர்வீட்டு வாத்தியாரம்மா பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் பூட்டை உடைத்து நகையை எடுத்துவிட்டார்கள். பகல் பன்னிரண்டு மணிவாக்கில் தட்டும் சத்தம் கேட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். சாயங்காலம் ஏட்டு வேர்த்து விறுவிறுத்து வந்தார், கையில் அதே மாதிரி ஒரு புதுப் புத்தகம். பழையதில் ஞாயிறு வரை கையெழுத்து இருக்கிறது, மேலதிகாரி பார்த்தால் என் வேலை போச்சு அண்ணே, என் பிள்ளைகளை நினைத்துப் பார்த்து இதில் புதன் வரைக்கும் மட்டும் போட்டுக் கொடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார். விசில் அண்ணன் போட்டார். பழைய புத்தகத்தை ஏட்டே எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை, கடையில் கூடமாட இருந்து வீடு வீடாகத் துணி கொண்டுபோய்க் கொடுக்கும் விசில் அண்ணனின் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஸ்டேஷனுக்கு ஓடினார். வாத்தியாரம்மாவும் அங்கே இருந்தார். இன்ஸ்பெக்டர் புதுப் புத்தகத்தை விரித்து வைத்து விவரம் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு ஏட்டு ரோந்தில் இருந்தாராம். அந்தம்மா வீட்டு கேட்டிலிருந்து தம்பி மூட்டையோடு வெளியே வந்ததைத் தன் கண்ணால் பார்த்தாராம். துணி கொடுக்க வந்தவன் என்று விட்டுவிட்டாராம். அடப்பாவி! வந்தேன் என்று எழுதியாகிவிட்டது, வந்தவன் எதையாவது பார்த்திருக்க வேண்டாமா? அதற்கு ஏட்டுக்கு அகப்பட்டவன் அந்தத் தம்பி.

"சார், இவரு அன்னிக்கு வரவே இல்ல. என் தம்பி என் பக்கத்துல உக்காந்து கரி ஊதிக்கிட்டு இருந்தான்."

"அப்ப இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான் சார்."

வராதவரை வந்ததாக எழுதுகிறவன் பேச்சை நான் எந்தக் கணக்கில் நம்புவது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பழைய புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள், அதில் ஞாயிறு வரைக்கும் இருக்கிறது என்று விசில் அண்ணன் மன்றாடினார். அப்படி ஒரு புத்தகமே கிடையாது என்றார் ஏட்டு. குரலைக்கூட உயர்த்தவில்லை. இவர் தோளில் கையை வைத்தார்.

"கூடப் பொறந்த பாசம் சார். பாவம், மனசு கேக்கல அவருக்கு."

அந்தக் கை சுட்டது. உதறிவிட்டு வாத்தியாரம்மா பக்கம் திரும்பினார். முப்பது வருடம் அவர் சொல்லை நம்பிய தெருவில் ஒருத்தியாவது இருக்கிறாளே என்று பார்த்தார்.

"நீங்களாவது சொல்லுங்கம்மா. நான் என்னிக்காவது பொய் சொல்லியிருக்கேனா?"

அந்தம்மா புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"தினமும் வேலைக்குப் போறப்ப உங்க கடையில நின்னு முந்தின நாள் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பேண்ணே. நேத்திக்கு வந்திருக்காங்க, இன்னிக்கும் வருவாங்கன்னு நினைச்சுக்குவேன். உங்க கையெழுத்தைப் பார்த்துட்டுத்தானே வீட்டைப் பூட்டிட்டுப் போனேன்."