வடக்கே போனால் சுடும் கார்

மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் காரின் ரேடியேற்றருக்கு முன்னால் தண்ணீர்ப் போத்தலோடு நிற்கிறார். தலைப்பாகை பின்சீற்றில் தனியாக இருக்கிறது. நேரம் காலை எட்டு ஐம்பது. பதினொன்றுக்குள் கிளிநொச்சியில் தாலி கட்டவேண்டும். அதற்கு முன் ஐயருக்கு ஒரு மணி நேரக் கிரியை இருக்கிறது. நாங்கள் நிற்பதோ... மாங்குளத்தில்.

போன ஞாயிற்றுக்கிழமைக் கதை இது.

என் காரை உங்களுக்குத் தெரியும். ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர்த் தகடு. நான் எழுதும் இந்தப் பத்தியிலேயே பல தடவை நின்றுபோயிருக்கிறது. இப்போது மாப்பிள்ளையைப் பழைய காரில் கொண்டுபோவது ஸ்டைலாம். புளியங்குளத்தில் என் பக்கத்து வீட்டுப் பரமேஸ் அக்கா கேட்டார். ஒரே மகன் சுகந்தனின் கலியாணம். மாட்டேன் என்று சொல்ல வாய் வருமா?

ஆனால் காருக்கு ஒரு வருத்தம் இருந்தது; தீராத நோய். சூடு காட்டும் மீற்றரின் முள் திடீரென்று சிவப்புக்கு ஏறும். பிறகு தானாகவே இறங்கும். அதிலும் ஒரு விசித்திரம் — தெற்கே வவுனியாவுக்குப் போனால் ஒன்றுமில்லை. வடக்கே கிளிநொச்சிப் பக்கம் திரும்பினால்தான் இந்தக் கூத்து. அதே ஏ-ஒன்பது வீதி, அதே வெயில். காருக்குத் திசை தெரியுமா என்ன?

கராச் வைத்திருக்கும் ரஞ்சனிடம் மூன்று தடவை கொண்டுபோனேன். தேமோஸ்ராற்றை மாற்றினான். சென்சரை மாற்றினான். ஒரு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு மீற்றருக்கு முன்னால் தவம் இருந்தான். முள் அசையவில்லை.

“அண்ணை, காருக்கு ஒண்டுமில்லை. உங்களைத்தான் ஆரும் டொக்டரிட்டக் காட்டவேணும்.”

பொய் சொல்லும் முள்ளைப் பார்க்காமல் ஓட்டலாம்தானே என்று நீங்கள் கேட்கலாம். என்னால் முடியாது. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து போனபோது எங்கள் ட்ரக்டரின் முள்ளும் இப்படித்தான் சிவப்பைக் காட்டியது. “அது சும்மா காட்டுது” என்று ஓட்டினேன். விசுவமடுவில் எஞ்சின் இறுகியது. இழுவைப் பெட்டியில் இருந்த சாமானில் தலையில் வைக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தூரத்தை நடந்தோம். எட்டாம் வகுப்போடு நின்றுபோன என் படிப்பில் எனக்கு உறுதியாகத் தெரிந்த பாடம் அது ஒன்றுதான். சிவப்பு என்றால் நில்.

ஆகவே நின்றேன். முதலில் கனகராயன்குளத்தில். பிறகு மாங்குளத்தில். கலியாணத்துக்கு வந்த சொந்தக்காரரின் வான் வண்டி எப்போதோ முன்னால் போய்விட்டது. பொனெற்றைத் திறந்து, ஆறவிட்டு, மூடியைக் கழற்றினால்... தண்ணீர் நிறைந்திருக்கிறது. மாப்பிள்ளை ஊற்றியது அவர் காலிலேயே வழிந்தது.

“அம்மா, அந்த பஸ்ஸில ஏறட்டே?”

“மாப்பிள்ளை பஸ்ஸிலயோ? பொம்பிளை வீட்டுக்காரர் சாகுமட்டும் சொல்லிச் சிரிப்பினம். பேசாம ஏறு காரில!”

பரமேஸ் அக்கா என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீர் ஓட்டுறீரோ, இல்லாட்டி நான் தள்ளட்டோ?”

ஓட்டினேன். முறிகண்டி வந்தது. முறிகண்டியில் நிற்காமல் போகிற வாகனம் உண்டா? முகூர்த்தம் தவறினாலும் பிள்ளையாரைத் தவறவிட முடியாது. வடக்கே போகும்போதெல்லாம் அவருக்கென்று ஒரு தேங்காய் கொண்டுபோவேன். டாஷ்போட்டுக்குக் கீழே இருக்கும் தட்டுத்தான் அதன் இடம். எடுத்துப்போய் உடைத்தோம். கும்பிட்டோம். வந்து ஸ்டார்ட் பண்ணினேன்.

முள் நல்ல பிள்ளைபோல் நடுவில் நின்றது.

“பாத்தீரோ தம்பி? உம்மட ரஞ்சனிட்ட மூண்டு தரம் போனதுக்கு இஞ்ச ஒருதரம் உருகிக் கும்பிட்டிருக்கலாம்!” பரமேஸ் அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெற்றி.

கலியாண மண்டப வாசலில் கண்ணூறு நாவூறு கழிக்க முறிகண்டிக் கடையில் அவர் வாங்கிய தேங்காய் ஒன்று கையில் இருந்தது. அதைத் தட்டில் வைத்துவிட்டுக் கச்சான் கடலை உடைக்கத் தொடங்கினார். அரைக் கிலோமீற்றர்கூடப் போகவில்லை.

சிவப்பு!

“ஐயோ... பிள்ளையார் கோவிச்சிட்டாரோ? அவருக்குப் படைக்காமக் கச்சான் திண்டிட்டன்!”

“அம்மா, எனக்கு இண்டைக்குக் கலியாணம் நடக்குமோ?” பின்சீற்றிலிருந்து மாப்பிள்ளையின் குரல் அழுகைக்குக் கிட்டப் போயிருந்தது.

ஓரங்கட்டினேன். எஞ்சினை நிறுத்தவில்லை. வேர்த்த காலோடு கிளச்சைச் சட்டென்று விட்டுவிட்டேன். கார் ஒரு துள்ளுத் துள்ளியது. தேங்காய் உருண்டு பரமேஸ் அக்காவின் மடியில் விழுந்தது.

முள் இறங்கியது.

“அக்கா, அந்தத் தேங்காயைத் திருப்பி வையுங்கோ.”

வைத்தார். உள்ளே தள்ளினார். முள் ஏறியது.

“எடுங்கோ.”

இறங்கியது.

“தாங்கோ, நான் ஒருக்கா வைக்கிறன்.” மாப்பிள்ளையும் பின்னாலிருந்து எட்டி ஒருமுறை வைத்துப் பார்த்தார். கலியாணத்தை மறந்து சிரித்தார்.

குனிந்து கையை விட்டுப் பார்த்தேன். தட்டின் பின்பக்கம் திறந்தபடி கிடந்தது. மீற்றருக்குப் போகும் வயர் ஒன்றின் தோல் உரிந்திருந்தது. தேங்காய் உருண்டு போய் அதை இரும்போடு சேர்த்து அழுத்தும்போதெல்லாம் முள் சிவப்புக்கு ஏறியிருக்கிறது. எஞ்சின் பாவம், ஒருநாளும் கொதித்ததே இல்லை!

திசையின் மர்மமும் விளங்கியது. வவுனியாப் பக்கம் போகும்போது என்னிடம் தேங்காய் இல்லை. ரஞ்சனிடம் போகும்போது? பாதிவழியில் திரும்பி வந்து, உடைக்காத தேங்காயை எடுத்துப் பத்திரமாக வீட்டுக்குள் வைத்துவிட்டுத்தான் போவேன். சாமிக்கு வைத்த தேங்காயில் கிறீஸ் கை படலாமா?

வருத்தத்தை வீட்டில் இறக்கிவைத்துவிட்டு, வெறும் காரை வைத்தியத்துக்குக் கொண்டுபோயிருக்கிறேன்.

நாங்கள் எல்லாரும் இப்படித்தானோ? டொக்டரிடம் போகிற அன்றைக்குத்தான் முழுகி, தலை வாரி இழுத்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகிறோம். “எப்படி இருக்கிறீங்கள்?” என்று கேட்டால், “ஓம், சுகமா இருக்கிறன்” என்று வேறு சொல்கிறோம். அவர் என்னத்தைக் கண்டுபிடிப்பார்?

மிச்சத்தூரம் முழுவதும் பரமேஸ் அக்கா தேங்காயைக் கைக்குழந்தைபோல் மடியில் வைத்திருந்தார். ஐயர் மந்திரத்தைக் கொஞ்சம் ஓடவிட்டார். தாலி ஏறும்போது பத்து ஐம்பத்தெட்டு. “தேங்காயை என்ர மடியில உருட்டிவிட்டதே பிள்ளையார்தான்” என்று பந்தி முழுவதும் அக்கா சொல்லித் திரிந்தார். கிளச்சை விட்டது என் கால். நான் பாயசத்தைக் கவனித்தேன்.

திங்கட்கிழமை ரஞ்சனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். வயரைச் சுற்றி ரேப் நாடா ஒட்டினான். இரண்டு நிமிட வேலை.

நேற்று அந்தப் பக்கம் போனேன். கராச் வாசலில் ஒரு மட்டை தொங்குகிறது: ‘வாகனத்தில் உள்ளதை உள்ளபடியே கொண்டு வரவும். தேங்காய் உட்பட.’