முதல் சுற்று

எங்கள் குடும்பத்துக்கு ராட்டினம்தான் தொழில். பாட்டனார் காலத்தில் நான்கு மரத்தொட்டில்கள்; கையால் தள்ளிச் சுற்றுவார்கள். வாப்பா மோட்டார் வைத்தார். என் பங்குக்கு நான், தென்னை மரத்தையே குனிந்து பார்க்கிற உயரத்தில் ஒன்றை வாங்கிப் போட்டேன். ஏணியில் மூன்றாம் படி ஏறினாலே எனக்கு முழங்கால் ஆடும் என்பது, வாங்குகிற அன்றைக்கு ஏனோ நினைவுக்கு வரவில்லை.

கோயில் கொடையோ தர்கா கந்தூரியோ, எந்த ஊரில் நிறுத்தினாலும் முதல் சுற்று எங்கள் வீட்டு ஆள் ஏறவேண்டும். பாட்டனார் வைத்த வழக்கம். அதைப் பார்த்துத்தான் சனம் சீட்டு வாங்கும். இத்தனை வருஷமும் என் மனைவி ஏறினாள். மோட்டாரை விட்டு நகர முடியாத பெரிய மனுஷன்போல நான் முகத்தை வைத்துக்கொள்வேன்.

போன மாதம் வள்ளியூரில் அவளுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. சுற்றிலும் கூட்டம், ஒருவரும் சீட்டு வாங்கவில்லை.

"சுத்துத ஆளே ஏறலயே, நாங்க எப்படிவே ஏற?" என்றார் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு பெரியவர்.

"ஏறுங்க. மோட்டாரை நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் மனைவி.

ஏறினேன். பெட்டி கிளம்பியதும், "பைய! பைய சுத்து!" என்று கத்தினேன். சொன்ன பேச்சைக் கேட்கிறவள், பையத்தான் சுற்றினாள். பையச் சுற்றினால் உச்சியிலும் பையத்தான் போகும் என்பது உச்சிக்குப் போன பிறகுதான் உறைத்தது. கண்ணைத் திறந்தேன். தூரத்துக் காற்றாலைகளும் சுற்றிக்கொண்டிருந்தன. உதறிய உதறலில் ஒரு செருப்பு கழன்று கீழே போயிற்று.

அது நேராக வெற்றிலைக்காரர் காலடியில் விழுந்தது. அவர் அண்ணாந்து பார்த்து, "அண்ணாச்சி! மத்ததையும் போட்டுருங்க, ஜோடியா இருக்கட்டும்!" என்றார்.

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. நான் இறங்குவதற்குள் சீட்டுக்கு வரிசை நின்றுவிட்டது. வெற்றிலைக்காரர்தான் முதல் ஆள். செருப்பைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பெட்டியில் ஏறினார். இவ்வளவு சீக்கிரம் எந்த ஊரிலும் எங்களுக்குக் கூட்டம் சேர்ந்ததில்லை.

அடுத்தது பத்தமடை. பாய்க்கடை வரைக்கும் விறுவிறுவென்று நடந்துபோய்ப் பாய் வாங்கி வந்தவளுக்கு, ராட்டினத்துப் பக்கம் வந்ததும் நொண்டல் வந்துவிட்டது.

"இன்னும் வலிக்குங்க" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

செருப்பைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு ஏறினேன்.

"வேகமா சுத்து" என்றேன்.